வெடிப்பெட்டிக்குள் வைத்த பொட்டு

போன வாரம், எங்கள் கல்யாண மண்டபத்தில் நானே போட்ட ஒயரிங் தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் புகைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி சரோஜா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். "இந்த வாரம் எத வேணும்னாலும் எழுதுங்க. அந்தப் பொட்டு விஷயத்த மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

ஆகவே இந்த வாரம் அந்தப் பொட்டு விஷயம்.

காட்சி இதுதான். நான் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஒரு சாம்பல் நிறப் பெட்டி, மூடி திறந்து கிடக்கிறது. கையில் பேனா, மடியில் அட்டை, அட்டையில் தாள். எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, தேர்வு எடுக்கும் தேவகி மிஸ் நிற்கிறார். சுவரில் கடிகாரம் ஓடுகிறது. மூடி வந்து அழுந்துகிற விளிம்பில், கீழ் வலது மூலையில், ஐம்பது காசு அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

பெட்டியில் உள்ள குறைகளைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் தேர்வு. அந்தப் பொட்டும் ஒரு குறை, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய குறை. அதை வைத்தவன் நான். முந்தின நாள் மத்தியானம், யாரும் பார்க்காதபோது.

எழுதினால் மாட்டிக்கொள்வேன். எழுதாவிட்டால் அநேகமாகத் தப்பித்துவிடுவேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அது என்ன பெட்டி

நான் முப்பது வருஷமாக ஒயர்மேன். தெங்கேரா வட்டாரத்தின் பழைய கடைவீடுகளில் எலி கடித்த கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தவன், பிறகு ஒப்பந்த வேலை எடுக்கிற ஒரு கொந்த்ராக் கம்பெனியில் சேர்ந்து எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்குள் போனேன். அங்கே காற்றிலேயே எரிவாயு கலந்திருக்கலாம். ஒரு சுவிட்சைத் தட்டும்போது உள்ளே வருகிற சின்னப் பொறி போதும், எல்லோரும் மறுநாள் பேப்பரில் வந்துவிடுவோம்.

அதனால் அந்த மாதிரி இடங்களில் சுவிட்சையும் கம்பி இணைப்பையும் கனத்த உலோகப் பெட்டிக்குள், எங்கள் பேச்சில் வெடிப்பெட்டிக்குள், வைப்பார்கள். பெட்டிக்குள் வாயு போகவே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். போகும். உள்ளே வெடிக்கவும் வெடிக்கும். ஆனால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மயிரிழை இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் அந்தத் தீ சூடு ஆறி அணைந்துபோகும். இடுக்கு கொஞ்சம் அகன்றால் தீ தீயாகவே வெளியே வரும்.

விளிம்பில் பெயின்ட் கூடாது, துரு கூடாது, மணல் கூடாது, கீறல் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஒரு தடவை அந்தப் பெட்டி வேலை செய்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். எந்த ஆலை என்பது வேண்டாம். நானும் மணியமும் ஒரு பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மணியம் என் கூட்டாளி, பதினெட்டு வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவான். நான் அவனைக் கூப்பிடுகிற பெயரைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

பக்கத்துப் பெட்டிக்குள் 'டொப்' என்றது. மரத்திலிருந்து பலாப்பழம் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் கரி. வெளியே எங்கள் சட்டையில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை. மணியம் அன்று சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

செத்தது யார்

இந்த மாதிரி இடங்களில் வேலை செய்ய அனுபவம் மட்டும் போதாது, தகுதித் தேர்வு எழுதிப் படம் போட்ட அட்டை வாங்க வேண்டும் என்றார்கள். அட்டை இல்லாதவன் ஆலை வேலியைத் தாண்ட முடியாது. எங்கள் கம்பெனியில் இரண்டு தடவைதான் அனுப்புவார்கள். அதற்குள் பாஸாகாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஸ்டோரில் என் மேலதிகாரியாக வரப்போகிறவனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை.

முதல் தடவை பெயிலானேன்.

கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். முதலில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கம்பியைப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் டெஸ்டரைப் பார்க்க வேண்டும். நான் டெஸ்டரால் ஒரு தடவை பார்த்தேன். பிறகு, முப்பது வருஷப் பழக்கம் பாருங்கள், புறங்கையால் கம்பியை லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

"நிறுத்துங்க" என்றார் தேவகி மிஸ்.

தேவகி மிஸ் தெங்கேராக்காரர். என் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கேன்டீனில் பார்த்தால், "அங்கிள், தே தாரிக் குடிச்சீங்களா?" என்பார். தேர்வு அறைக்குள் போய்விட்டால் நான் மிஸ்டர் பெருமாள். அந்த முகத்தில் சிரிப்பைத் தேடுவது வீண் வேலை.

"மிஸ்டர் பெருமாள், இப்ப என்ன செஞ்சீங்க?"

"செத்துருச்சான்னு பாத்தேன் மிஸ்."

"எது? கம்பியா, நீங்களா?"

அதோடு தாளை வாங்கிக்கொண்டார். மணியமும் அதே நாள் பெயில். எரிவாயு சூழ்ந்த இடமாக நினைத்துக்கொள்ள வேண்டிய அந்த அறைக்குள் அவன் பாக்கெட்டில் கைப்பேசி அடித்தது. கொண்டுபோனதே தப்பு. அவன் அதை எடுத்து, "டெஸ்ட்ல இருக்கேன்மா, அப்பறம் கூப்புடு" என்று வேறு சொன்னான்.

சூடத்துக்குப் பெர்மிட்

நாங்கள் விதிகளை மதிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் கன்டெய்னர் ஆபீசில் சாமி கும்பிட வேண்டும் என்று மணியம் கிளம்பினான். ஆபீஸ் ஆலை வேலிக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் பாதுகாப்பு அதிகாரி, நல்ல மனிதர், மலாய்க்காரர், நாங்கள் மரியாதையாக 'என்சே' என்று கூப்பிடுகிறவர், சூடத்தைப் பார்த்ததும் வெளுத்துப்போனார்.

"பெருமாள், இது தீதானே?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா என்சே. ஆனா சாமி தீ."

"அப்படின்னா பெர்மிட் போடு."

வெல்டிங் வேலைக்கு வாங்குகிற பெர்மிட் அது. உட்கார்ந்து எழுதினேன். வேலையின் வகை என்ற இடத்தில் 'செம்பயாங்', அதாவது சாமி கும்பிடுவது. சாமான்: சூடம், ஒன்று. நேரம்: இரண்டு நிமிஷம். காற்றில் வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதித்தார்கள். மணியம் தீபாராதனை காட்டியபோது, ஒரு ஆள் தீயணைப்புக் குப்பியைச் சாமிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் அதிகாரி, 'வேலை முடிந்தது, இடம் பாதுகாப்பாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் முழுவதும் எனக்கு மனதில் ஒரு நிம்மதி இருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நெருப்புக்கு விதி உண்டு என்று எங்களுக்குத் தெரியும். சந்தனத்துக்கும் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

சரோஜாவின் டப்பா

இரண்டாவது தேர்வு ஆயுத பூஜைக்கு மறுநாள் விழுந்தது. இதைவிட நல்ல நாள் கிடையாது என்று, புக்கிட் பெருவாங்கில் எங்கள் வரிசையில் உள்ள எல்லா வீட்டிலும் சரோஜா சொல்லிவிட்டாள். இனி பெயிலானால் வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

பூஜையன்று காலையில் என் ஸ்பேனர், கட்டர், டெஸ்டர், சப்பாத்து, கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கிளம்பும்போது, கடையில் குழம்பு தப்பாவ், அதாவது பார்சல், வாங்கி வருகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மீதிச் சந்தனத்தையும், தாளில் மடித்த குங்குமத்தையும் கையில் கொடுத்தாள்.

"இது யாருக்கு?"

"அந்தப் பெட்டிக்கு. நம்ம சாமானுக்கெல்லாம் வச்சாச்சு. போன தடவ உங்கள பெயிலாக்குனது அந்தப் பெட்டிதானே? அதுக்கு யாரு வைப்பா?"

"அது சென்டரோட சாமான்லா. அதுல கை வைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்காங்க."

"விரல மட்டும் வைங்க" என்றாள் சரோஜா.

பயிற்சி மையம் ஆயர் குரோவைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது. அன்று மத்தியானம் வரை ஒத்திகை. "நாளைக்கும் இதே பெட்டிதான். உள்ள என்னென்ன பழுது வைப்பேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் தேவகி மிஸ். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் கைகழுவப் போகிறேன் என்று பின்தங்கினேன்.

எங்கே வைப்பது? வெளியே வைத்தால் மிஸ் பார்த்துவிடுவார். உள்சுவரில் வைத்தால் திறந்ததும் கண்ணில் படும். கம்பி இணைப்புகளில் வைக்க நான் என்ன பைத்தியமா? மூடி வந்து அழுந்துகிற விளிம்புதான் சரியான இடம் என்று தோன்றியது. மூடினால் மறைந்துவிடும். கட்டைவிரலால் தாராளமாக எடுத்து அழுத்தி வைத்தேன். கும்பிட்டேன். மூடினேன். பசியோடு போய்ச் சாப்பிட்டேன்.

விளிம்பில் பெயின்ட் கூடாது, துரு கூடாது என்று தூக்கத்தில் சொல்கிற அதே ஆள்தான் இதைச் செய்தேன். சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை. அழுக்கு என்றால் பிசுக்கு, துரு, தூசி. சந்தனம் எப்படி அழுக்காகும்?

இடுக்கு

மறுநாள் மூன்று பேர் தேர்வுக்கு வந்திருந்தோம். மணியம், நான், மஸ்ஜித் தானாவிலிருந்து வந்த ஹாஃபிஸ் என்ற மலாய் இளைஞன். முதலில் மணியம் போனான். வெளியே வரும்போது என் தோளைத் தட்டி, "கவலப்படாத மச்சான், சாமி உள்ளயே இருக்கு" என்றான். தைரியம் சொல்கிறான் என்று நினைத்தேன். அடுத்து ஹாஃபிஸ். வெளியே வந்தவன் என் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனான். நல்ல பையன் என்று நினைத்தேன்.

எனக்கு ஆரம்பம் பிரமாதமாகப் போனது. ஒரு போல்ட் குறைந்தது, எழுதினேன். எர்த் கம்பி தளர்ந்திருந்தது, எழுதினேன். கம்பி போகாத துளையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருந்தார் மிஸ், அதையும் எழுதினேன். டெஸ்டரை மூன்று தடவை சோதித்தேன். புறங்கையைச் சட்டைக்குள் விட்டுப் பூட்டாத குறைதான்.

பிறகு பீலரை எடுத்தேன். மெல்லிய தகடு அது. மூடிய நிலையில் விளிம்பைச் சுற்றி நுழைத்துப் பார்க்க வேண்டும், எங்கேயும் போகக் கூடாது. மேலே போகவில்லை. இடது பக்கம் போகவில்லை. கீழ் வலது மூலைக்குப் பக்கத்தில் வைத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உள்ளே போனது.

சரோஜா சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைப்பாள், காய்ந்தால் சிமென்ட். மூடியைத் திறந்தேன். என் பொட்டு அப்பளம் மாதிரி நசுங்கி, மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதலில் துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சட்டைக் கையை மெதுவாக விளிம்புக்குக் கொண்டுபோனேன்.

"மிஸ்டர் பெருமாள், தொடக் கூடாது. பாக்கணும், எழுதணும்."

கையை எடுத்தேன். இது மிஸ் வைத்த பழுது இல்லை, அவர் பட்டியலில் இருக்காது. நான் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? மற்ற எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டேன். அட்டை கிடைக்கும், ஸ்டோர் கிடையாது, எங்கள் வரிசையில் தலைநிமிர்ந்து நடக்கலாம். எழுதினாலோ, சாமானில் கைவைத்தவனுக்குத் தகுதி இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட தாள் அவர் மேசையில் இருக்கிறது.

அந்த அறையில் வாயுவும் இல்லை, பெட்டியில் மின்சாரமும் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பலாப்பழச் சத்தம் கேட்டது. பம்ப்புக்குப் பக்கத்தில் வாயடைத்து நின்ற மணியத்தின் முகம் தெரிந்தது. அன்று அந்தப் பெட்டியில் என்னைப் போல ஒருவன் பொட்டு வைத்திருந்தால், இன்று அவனை நான் எந்தப் பெயரிலும் கூப்பிட முடியாது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

தேர்வை மலாயில்தான் எழுதினேன். இடம்: மூடி அழுந்தும் விளிம்பு, கீழ் வலது மூலை. குறை: சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கின்றன, இடுக்கு அளவு மீறிவிட்டது. ஆபத்து: உண்டு, மின்சாரம் கொடுக்கக் கூடாது. கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, 'சாயா' என்று எழுதினேன். நான்.

காரணம்

தேவகி மிஸ் தாளை ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது என்ன, 'சாயா'?"

"நான்தான் மிஸ். நேத்து நீங்கள்லாம் சாப்புடப் போனப்ப வச்சேன்."

"கையெழுத்துப் போட்டீங்கதானே?"

"போட்டேன் மிஸ்."

அவர் எழுந்து பெட்டியிடம் போனார். மூடியைச் சேர்த்துப் பூட்டி, பீலரை நுழைத்தார். உள்ளே போனது. அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்குவது போலத் தெரிந்தது. ஒரு பெண்பிள்ளையை அழவைத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

"அங்கிள்" என்றார். தேர்வு அறைக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பினார், அழவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது. "காலையில பெட்டிய ரெடி பண்றப்பவே நான் இத பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"சென்டர்ல யாரோ பூஜைக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, போல்ட்ட டைட் பண்ணிட்டுப் போயிட்டேன்."

மற்ற இருவரின் தாளையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் பொட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பாத்தேன் மிஸ்" என்றான் மணியம். "சாமி பொட்டப் போய் பழுதுன்னு எப்படி எழுதறது? கை வெளங்குமா?"

ஹாஃபிஸ் மலாயில் மெதுவாகச் சொன்னான்: "நானும் பார்த்தேன் மிஸ். அது அவங்க வழிபாட்டு விஷயம். ஹொர்மாட்லா. மரியாதை வேணும் இல்லையா?"

நான்கு பேர். எல்லோரும் இந்தத் தொழிலில் ஊறியவர்கள். நான்கு பேரும் அந்த மூலையைப் பார்த்தோம். பொட்டு எல்லோருக்கும் தெரிந்தது, இடுக்கு மற்ற மூவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம், குற்றமுள்ள நெஞ்சு.

தேவகி மிஸ் உட்கார்ந்து என் தாளை இழுத்தார். 'சாயா' என்று நான் எழுதியதற்குக் கீழே, 'டான் சாயா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும். தாளை எடுத்துக்கொண்டு அவரே மேலதிகாரியின் அறைக்குப் போனார். அவருக்கும் வேலை போகலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு வெளியே நின்ற அந்தக் கால்மணி நேரம் என் வாழ்க்கையில் நீளமானது.

மேலதிகாரி தேர்வையே ரத்து செய்தார். சாமானில் கைவைத்தது தப்புதான், ஆனால் தன் தப்பைத் தானே குறையாக எழுதுகிற ஆளைத்தான் நாங்கள் தேடுகிறோம் என்றாராம். மிஸ்ஸுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். எங்கள் மூன்று பேருக்கும் அடுத்த வாரம் மறு தேர்வு, புதுப் பெட்டியில்.

"மச்சான், நீ பக்தி பண்ணதுக்கு நான் மூணாவது தடவ பரீட்ச எழுதணுமாலா?" என்று மணியம் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கத்தினான். சரோஜா கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா, பொட்டு வச்சதாலதான் இன்னொரு சான்ஸ் கெடச்சிருக்கு" என்றாள். எங்கள் வரிசையில் மட்டும் நான் அன்றே பாஸாகிவிட்டதாகச் சொல்லி வைத்தாள். அவர்கள் இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

மறு தேர்வு

அட்டை இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. மணியம் கழுத்திலும் ஒன்று. ஆகவே முடிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

அந்த நாளில் எனக்கு மறக்காதது வேறு. அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக மணியம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான். பிறகு பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூன்று தடவை. பிறகு குனிந்து வேகமாக எழுதினான். அடுத்துப் போன ஹாஃபிஸ் பெட்டிக்கு லேசாகத் தலைகுனிந்துவிட்டு எழுதினான்.

என் முறை வந்தது. பீலர் கீழ் வலது மூலையில் உள்ளே போனது. திறந்தேன். விளிம்பில் ஒரு பொட்டு, சந்தனமும் குங்குமமும். என்னுடையதைவிடச் சின்னது, வட்டம் பிசகாதது, ஒரு பெண்ணின் விரல் அளவு. தேவகி மிஸ் எனக்குப் பின்னால் நின்று விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இடம் எழுதினேன். குறை எழுதினேன். ஆபத்து எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தேன். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை.

'காலி இனி புக்கான் சாயா' என்று எழுதினேன். இந்தத் தடவை நான் இல்லை.